கழித்தல் கணக்கும் நம் பிள்ளைகளும்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கனுள் பிள்ளைகளை முதன்முதலில் அழவைப்பது எது என்று கேட்டால், வகுத்தல் என்றே பெற்றோர் பலரும் விடை கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. வகுத்தல் வந்து சேருவதற்குள் பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதாகிவிடுகிறது. அழுகையை மறைக்கவும் அது கற்றுக்கொண்டுவிடுகிறது. முதலில் இடறுமிடம் கழித்தலே. அதிலும் எல்லாக் கழித்தலும் அன்று. 58-இலிருந்து 23-ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளை தயங்காமல் 35 என்று எழுதிவிடும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். மேலே இரண்டு, கீழே ஏழு. இரண்டிலிருந்து ஏழு எப்படிப் போகும்? பென்சில் நின்றுவிடும். அல்லது, சிறியதைப் பெரியதிலிருந்து கழித்துவிட்டு, இங்கும் 35 என்றே எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குப் போய்விடும்.

ஒரு சங்க மலரில் எழுதுவதற்கு இது தக்க பொருள்தானா என்று அன்பர்கள் எண்ணலாம். சங்க காலத்தைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் எழுத வல்லார் பலர் உளர். ஆனால் மாற்றல் ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் நம்மனைய குடும்பங்களில், மாலை ஏழு மணிக்கு மேல் உண்மையில் நடப்பது பிள்ளையின் வீட்டுப்பாடமே. தந்தை ஓர் ஊரில் கற்றார். தாய் வேறோர் ஊரில் கற்றார். பிள்ளையோ இருவரும் அறியாத மொழியில், இருவரும் அறியாத முறையில் கற்கிறது. ஒரே கூரையின் கீழ் மூன்று விதமான கழித்தல் நடைபெறுகிறது. விடை ஒன்றாகவே வருகிறது. ஆயினும் சண்டை வருகிறது. ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

மூன்று கேள்விகள், மூன்று வழிகள்

கழித்தல் என்னும் ஒரு பெயருக்குள் மூன்று வேறு கேள்விகள் அடங்கியுள்ளன. 52 மாம்பழங்களில் 27-ஐ எடுத்துக் கொடுத்துவிட்டால் மீதி எத்தனை என்பது ஒன்று. அண்ணனிடம் 52 கோலி, தம்பியிடம் 27 கோலி. அண்ணனிடம் எத்தனை அதிகம் என்பது இரண்டாவது. 52 பக்க நூலில் 27 பக்கம் படித்தாயிற்று. இன்னும் எத்தனை பக்கம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை 25 தான். ஆனால் முதலாவது எடுத்தல், இரண்டாவது ஒப்பிடல், மூன்றாவது நிரப்பல். பள்ளிகளில் வழங்கிவரும் முதன்மையான மூன்று முறைகளும் இம்மூன்று கேள்விகளோடு ஒவ்வொன்றாகப் பொருந்தி நிற்பதைக் காணலாம்.

முதல் முறை, பிரித்தெடுத்தல். 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும். இரண்டிலிருந்து ஏழை எடுக்க இயலாது. ஆகவே ஐந்து பத்தில் ஒன்றை உடைத்துப் பத்து ஒன்றுகளாக்கிப் பக்கத்தில் சேர்க்கிறோம். இப்போது நான்கு பத்தும் பன்னிரண்டு ஒன்றும் உள்ளன. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கில் இரண்டு போக இரண்டு, விடை 25. இன்று நம் நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது இதுவே. மேலே உள்ள இலக்கத்தைக் கோடிட்டு அடித்து, தலைக்குமேல் சிறியதாகப் புதிய இலக்கத்தை எழுதுவது இதன் அடையாளம்.

இரண்டாவது முறை, சமமாகக் கூட்டல். மேலே உள்ள இரண்டோடு பத்து ஒன்றுகளைச் சேர்த்துப் பன்னிரண்டாக்குகிறோம். அதற்கு ஈடாகக் கீழே உள்ள இரண்டு பத்தோடு ஒரு பத்தைச் சேர்த்து மூன்றாக்குகிறோம். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, ஐந்தில் மூன்று போக இரண்டு, அதே 25. மேலும் பத்து, கீழும் பத்து சேர்ந்தமையால் வேறுபாடு மாறவில்லை. தந்தைக்கும் மகளுக்கும் இன்றுள்ள வயது வேறுபாடுதானே பத்தாண்டு கழித்தும் இருக்கும்? அந்த உண்மையின்மேல் நிற்கிறது இம்முறை. இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இதுவே வழக்கில் இருந்தது.

மூன்றாவது முறை, நிரப்பிச் செல்லல். 27-உடன் மூன்று சேர முப்பது. இருபது சேர ஐம்பது. இரண்டு சேர ஐம்பத்திரண்டு. சேர்த்தவற்றைக் கூட்டினால் 25. இங்குக் கழித்தலே இல்லை, எல்லாம் கூட்டல்தான். ஏட்டில் இலக்கம் இலக்கமாக இவ்வாறு நிரப்பி எழுதும் முறைக்கு ஆஸ்திரிய முறை என்று ஐரோப்பியர் பெயரிட்டனர். அங்காடிக்காரர்களோ எந்த நாட்டாரிடமும் கேளாமலே இதனைக் கையாண்டு வந்துள்ளனர்.

இம்மூன்றும் தம் இயல்பைக் காட்டுமிடம் சுழியம் வரும் கணக்கு. 500-இலிருந்து 363-ஐக் கழிக்க வேண்டும். பிரித்தெடுக்கும் பிள்ளை, ஒன்றுகளின் இடத்தில் சுழியத்தைக் கண்டு பத்துகளின் இடத்திற்குப் போகிறது; அங்கும் சுழியம். நூறுகளின் இடத்திற்குப் போய் ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்துகளாக்கி, அவற்றுள் ஒன்றை மீண்டும் உடைத்து வரவேண்டும். நான்கு, ஒன்பது, பத்து என்று தலைக்குமேல் எழுதிய பிறகே 137 என்னும் விடை கிடைக்கும். சமமாகக் கூட்டும் பிள்ளைக்கு இத்தொல்லை இல்லை: பத்தில் மூன்று போக ஏழு, ஆறு ஏழாயிற்று, பத்தில் ஏழு போக மூன்று, மூன்று நான்காயிற்று, ஐந்தில் நான்கு போக ஒன்று. நிரப்பிச் செல்லும் பிள்ளையோ 363-உடன் ஏழு, முப்பது, நூறு என்று மூன்றடியில் ஐந்நூறை எட்டிவிடும். ஐந்நூறை 499 என்று வைத்துக்கொண்டு, எதையும் உடைக்காமல் 136 என்று கழித்து, இறுதியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் நான்காவது வழியும் உண்டு.

பாரதி கிருஷ்ண தீர்த்தரின் பெயரால் 1965-இல் வெளிவந்த வேத கணித நூலில், எல்லாவற்றையும் ஒன்பதிலிருந்தும் கடைசியைப் பத்திலிருந்தும் கழிக்கச் சொல்லும் விதி இந்த நான்காவது வழிக்கு உறவினதே. அந்நூலின் சூத்திரங்கள் வேதங்களில் காணப்படவில்லை என்று அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் விதி பொய்ப்பதில்லை. ஆயிரம் என்பது 999-உம் ஒன்றும் அன்றோ! பிரெஞ்சு நாட்டுப் பாஸ்கல் 1642-இல் அமைக்கத் தொடங்கிய கணக்குப் பொறி பின்னோக்கிச் சுழல இயலாதது. அதுவும் ஒன்பதிலிருந்து எஞ்சுவதைக் கூட்டியே கழித்தது.

கடன் என்னும் சொல்

நாம் படித்த காலத்தில் தமிழ்ப் பள்ளியில் இதற்குக் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று பெயர். பக்கத்து வீட்டில் போய்க் கடன் வாங்கி வா என்பார் ஆசிரியர். இந்தியிலும் 'உதார்' என்றே கூறுகின்றனர்; ஆங்கிலத்திலும் அவ்வாறே. ஆனால் சற்று எண்ணிப் பார்ப்போமாயின், பிரித்தெடுக்கும் முறையில் கடன் எங்கே இருக்கிறது? வாங்கிய பத்தை எவரும் திருப்பித் தருவதில்லை. ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய்க் காசுகளாக மாற்றிக்கொள்வது கடனாகுமா? அது சில்லறை மாற்றுதல். உண்மையில் வாங்குவதும் திருப்பிச் செலுத்துவதும் நிகழ்வது சமமாகக் கூட்டும் முறையில்தான். மேலே பத்தைப் பெற்றுக் கீழே பத்தைக் கட்டிவிடுகிறோம். ஒரு முறைக்கு உரிய சொல் மற்றொரு முறையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது எனலாம். நாணயமுள்ள பிள்ளை எதுவும், வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது என்று கேட்கத்தான் செய்யும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'இனமாற்றம்' என்னும் சொல்லை ஆள்கின்றன. அது நல்ல சொல். பத்து என்னும் இனம் ஒன்று என்னும் இனமாக மாறுகிறது, வேறெதுவும் நிகழவில்லை. லிப்பிங் மா என்னும் அம்மையார் 1999-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் சீன ஆசிரியர் 72 பேரையும் இதே கணக்கை எவ்வாறு கற்பிப்பீர்கள் என்று கேட்டு எழுதியுள்ளார். அமெரிக்க ஆசிரியரிடம் கடன் என்னும் பேச்சே மிகுந்திருந்தது. சீன ஆசிரியர் பலரோ உயர்ந்த அலகை உடைத்தல் என்று கூறினர். அவர்களுள் சிலர் மற்றொரு வழியையும் காட்டினர்: இரண்டிலிருந்து ஏழு போகாதெனில், உடைத்த பத்திலிருந்து ஏழை எடு, மூன்று மிஞ்சும், அதனோடு முன்பிருந்த இரண்டைச் சேர், ஐந்து.

நம் பாட்டனார் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று இருந்த காலத்தில் கணக்குக் கற்றவர். 1957 ஏப்ரல் முதல் நாள் புதிய காசு வந்து, ரூபாய்க்கு நூறு என்றான பின்பும் பழைய கணக்கு அவருக்கு மறக்கவில்லை. ஐந்து ரூபாய் நான்கு அணாவிலிருந்து இரண்டு ரூபாய் ஒன்பது அணாவைக் கழிக்க, ஒரு ரூபாயைப் பதினாறு அணாவாக்கி, இருபதில் ஒன்பது போகப் பதினொன்று, நான்கில் இரண்டு போக இரண்டு என்று சொல்லிக் காட்டுவார். பத்து மட்டுமே அறிந்த பிள்ளைக்குக் கடன் என்றால் எப்போதும் பத்துதான். பதினாறையும் பன்னிரண்டையும் கையாண்டவர்களுக்கோ, மாற்றுவது எதை, எத்தனையாக என்று ஒவ்வோரிடத்திலும் நினைக்காமல் முடியாது. அவர்களுக்கு இனமாற்றம் என்னும் சொல் தெரியாது, பொருள் தெரியும்.

கையில் ஒன்று

கொல்கத்தாவில் நாம் பணியாற்றிய காலத்தில் அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். நம் மகள் அவரை 'மாசிமா' என்றழைப்பாள். மாலைதோறும் அவர் தம் பேரனோடு நம் மகளையும் அமர்த்திக்கொண்டு கணக்குச் சொல்லித் தருவார். அவர் கற்பித்தது சமமாகக் கூட்டும் முறை. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து என்று கூறி, 'ஹாத்தே ஏக்' என்பார். கையில் ஒன்று என்பது பொருள். மகள் சுட்டு விரலை மடக்கிக்கொள்வாள். அடுத்த இடத்தில் கீழ் இலக்கத்தோடு அந்த விரலைச் சேர்த்துக் கழித்ததும் விரல் நிமிரும். ஏட்டில் அடித்தல் திருத்தல் எதுவும் இராது.

பின்னர்த் தில்லிக்கு மாற்றல் வந்தது. மூன்றாம் வகுப்பின் நடுவே புதிய பள்ளி. முதல் வாரம் வீட்டிற்கு வந்த கணக்கேட்டில் பத்துக் கணக்குகள். பத்தின் விடையும் சரி. பத்தின் குறுக்கேயும் சிவப்புக் கோடு. படிகளைக் காட்டு என்று ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது.

"அப்பா, விடை சரிதானே? அப்புறம் ஏன் மிஸ் தப்புன்னு போட்டாங்க?" என்று மகள் கேட்டாள். அக்கேள்விக்கு விடை கூறுவது எளிதாக இல்லை.

இரண்டு வாரங்களில் சிவப்புக் கோடுகள் மறைந்தன. ஒவ்வொரு கணக்கின் தலையிலும் இலக்கங்கள் அழகாக அடிக்கப்பட்டுச் சிறிய எண்கள் எழுதப்பட்டிருந்தன. எல்லாம் சரி என்று குறியிடப்பட்டிருந்தது. அவற்றுள் 603-இலிருந்து 248-ஐக் கழிக்கும் கணக்கு ஒன்று. விடை 355, சரியே. ஆனால் தலைக்குமேல் 5, 10, 13 என்று எழுதியிருந்தாள். பத்துகளின் இடத்தில் ஒன்பது இருக்கவேண்டிய இடத்தில் பத்து. அவள் எழுதியபடியே கழித்தால் விடை 365 என்றல்லவா வரவேண்டும்? அப்போதுதான் உண்மை விளங்கியது. அவள் விரலை மடக்கி மாசிமாவின் வழியில் விடையைக் கண்டுவிட்டு, அதன் பிறகு மேலே கோடுகளை வரைந்திருக்கிறாள். மேலே இருப்பது கணக்கன்று, கணக்கின் அலங்காரம்.

இதை நினைத்தபோது உண்டான வருத்தம் சிறியதன்று. எட்டு வயதுப் பிள்ளை, தான் அறிந்த உண்மையை ஒளித்துவைத்துக்கொண்டு, பெரியவர்களுக்கு வேண்டியதை வரைந்து தரப் பழகிவிட்டது. இவ்வாறு பழகிய பிள்ளை நாளடைவில் கணக்கு என்பது விளங்கிக்கொள்ள வேண்டியது அன்று, திருப்திப்படுத்த வேண்டியது என்றே எண்ணத் தலைப்படும். அந்நாள்களில் அவள், 'எனக்குக் கணக்கு வராதுப்பா' என்று சொல்லவும் தொடங்கியிருந்தாள். பத்துக்குப் பத்து விடையும் சரியாக எழுதிய பிள்ளை கூறிய சொல் அது.

ஆசிரியையை நேரில் கண்டு பேசினோம். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் செய்தால், தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. படி எழுதப்பட்டிருந்தால்தான் திருத்த இயலும் என்றார். மறுக்க இயலாத சொல். ஆனால் நம் மகளின் ஏட்டில் எழுதப்பட்டிருந்த படி உண்மைப் படி அன்றே! அதனை அவரிடம் காட்டியபோது, அவரும் ஏட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விடையோடு படியையும் இனி ஒத்துப் பார்ப்பதாகக் கூறினார். வகுப்பில் அவர் முறையே என்பதில் மட்டும் மாற்றமில்லை.

ஆராய்ந்தோர் கூறுவன

எம்முறை சிறந்தது என்னும் வழக்கு நம் வீட்டில் தோன்றியதன்று. அமெரிக்காவில் பிரவுனெல், மோசர் என்னும் இருவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடையே இதனை ஆராய்ந்து 1949-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். காரணம் கூறிக் கற்பித்தால் பிரித்தெடுக்கும் முறை நன்கு பதிகிறது. காரணம் கூறாமல் பழக்கத்தால் மட்டும் கற்பித்தால் சமமாகக் கூட்டும் முறையே மேம்பட்டு நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. பின்னர் அமெரிக்கப் பள்ளிகளில் பிரித்தெடுத்தல் நிலைபெற்றதற்கு இவ்வாய்வும் ஒரு காரணம். ஆனால் அதில் அடங்கிய நிபந்தனையை உலகம் மறந்துவிட்டது. காரணம் கூறினால் என்றல்லவா அவர்கள் கூறினர்? காரணம் கூறாமல் கோடிட்டு அடிக்க மட்டும் கற்பித்தால், அம்முறைக்குரிய சிறப்பு அதற்கு எங்கிருந்து வரும்?

1978-இல் பிரவுன், பர்ட்டன் என்னும் இருவர் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு வகைப்படுத்தினர். பிள்ளைகள் மனம்போனபடி தவறு செய்வதில்லை. தவறான விதி ஒன்றைத் தவறாமல் பின்பற்றுகிறார்கள் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய உண்மை. எந்த இடமாயினும் சிறியதைப் பெரியதிலிருந்து கழிப்பது அத்தகைய விதிகளுள் ஒன்று. அப்பிள்ளையிடம் கவனமாகச் செய் என்று கூறிப் பயனில்லை. அது கவனமாகவே செய்திருக்கிறது.

கான்ஸ்டன்ஸ் காமி என்னும் அம்மையார், 1980-களில், முறை எதையும் கற்பிக்காமல் பிள்ளைகளே வழி காணுமாறு விட்டுப் பார்த்தார். அவர்கள் பெரும்பாலும் இடப்பக்கமிருந்து, பெரிய இடத்திலிருந்தே தொடங்கினர். ஐம்பதில் இருபது போக முப்பது; அதில் ஏழு போக இருபத்து மூன்று; இரண்டைச் சேர்க்க இருபத்தைந்து என்பது போல. இது நமக்குப் புதுமையன்று. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் இயற்றிய லீலாவதியில், கூட்டலையும் கழித்தலையும் நேர் வரிசையிலும் செய்யலாம், மாற்று வரிசையிலும் செய்யலாம் என்ற விதி உண்டு. புழுதி பரப்பிய பலகையில் அழித்து அழித்து எழுதியவர்களுக்கு எப்பக்கமிருந்து தொடங்கினாலும் தொல்லை இல்லை. அழிக்க இயலாத மையும் தாளும் வந்தபின் வலப்பக்கத்துக்கே ஏற்றம் உண்டாயிற்று.

முறை மாறும்போது பெற்றோர் திகைப்பதும் நமக்கு மட்டும் உரியதன்று. புதிய கணிதம் அமெரிக்கப் பள்ளிகளில் புகுந்த காலத்தில், டாம் லெரர் என்பவர் அதனை எள்ளி ஒரு பாடலே பாடி 1965-இல் வெளியிட்டார். ஒரு கழித்தல் கணக்கே அப்பாடலின் பொருள்.

எண்ணுப் பெயர்களின் துணை

இவ்விடத்தில், வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உள்ள ஒரு செய்தியைக் கூற விரும்புகிறோம். தமிழில் நாற்பத்திரண்டு என்று சொல்லும்போதே, நான்கு பத்தும் இரண்டும் என்று அச்சொல்லே பிரித்துக் காட்டிவிடுகிறது. பதினொன்று என்பது பத்தும் ஒன்றும். இந்தியில் 42-க்குப் 'பயாலீஸ்' என்று பெயர். அதில் நான்கையும் பத்தையும் இரண்டையும் எட்டு வயதுப் பிள்ளை எங்கே தேடும்? இந்தியில் நூறு வரையுள்ள எண்ணுப் பெயர்களைப் பெரும்பாலும் தனித்தனியாக மனப்பாடம் செய்தே தீரவேண்டும். வங்கமும் மராத்தியும் அத்தகையனவே. 2019-இல் மகாராஷ்டிரத்தின் பாலபாரதி வெளியிட்ட இரண்டாம் வகுப்புக் கணக்கு நூலில், 21 முதலான எண்களை 'இருபது ஒன்று' என்பது போலப் பிரித்துச் சொல்லும் முறையையும் சேர்த்தபோது, அம்மாநிலத்தில் பெரும் வாதம் எழுந்தது. மொழியைக் கெடுக்கிறார்கள் என்றனர் ஒருசாரார்; பிள்ளைக்கு இடமதிப்பு விளங்க வேண்டாவா என்றனர் மற்றொருசாரார். நமக்கு அந்த வழக்கே தேவையில்லை. நம் முன்னோர் அதனைத் தீர்த்துவைத்துவிட்டனர்.

ஆயினும் பிறமொழியை நாம் குறைத்துக் கூறவில்லை. இந்தியில் 29-க்கு 'உன்தீஸ்' என்பர். முப்பதுக்கு ஒன்று குறைவு என்பது பொருள். 59-உம் 69-உம் அவ்வாறே. கழித்தலை அவர்கள் எண்ணின் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் அதன் சாயல் உண்டு. எண்பதுக்குப் பின் வருவது தொண்ணூறு. அது தனக்கு மேலுள்ள நூறைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. தொள்ளாயிரம் ஆயிரத்தைத் தாங்கி நிற்கிறது. நம் மகள் சிறு வயதில் எழுபது, எண்பது என்று எண்ணி வந்து 'ஒன்பதுபது' என்பாள். ஒழுங்கைப் பின்பற்றியவள் அவள்; ஒழுங்கை மீறியது மொழி.

சென்ற கோடையில் நம் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். ஏழாம் வகுப்போடு நின்றவர். காய்கறிக் கடையில் 363 ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு, பேத்தியின் காதில் விழும்படி எண்ணினார்: "அறுபத்து மூணோட ஏழு, எழுபது, முப்பது, நானூறு, நூறு, ஐந்நூறு. நூத்தி முப்பத்தேழு தரணும் பாரு." பொறியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்வதற்குள் விடை வந்துவிட்டது. மகள் வியப்புடன், "பாட்டி, நீங்க கழிக்கவே இல்லையே!" என்றாள். "கழிக்கறது எதுக்குடி கண்ணு, நிரப்பினாப் போச்சு" என்றார் தாயார்.

நாம் நாள்தோறும் அலுவலகத்தில் செய்வதும் இதுவன்றி வேறில்லை. வரவை ஒருபுறமும் செலவை மறுபுறமும் எழுதி, குறைந்த பக்கத்தில் இறுதி இருப்பை இட்டு, இருபக்கமும் சமமாகச் செய்கிறோம். எத்தனை இட்டால் சமமாகும் என்பதே அங்குள்ள கேள்வி. கணக்கரும் கடைக்காரரும் கையாளும் வழி, பள்ளிக்கூடத்து ஏட்டில் மட்டும் இடம்பெறுவது அரிதாயிருக்கிறது.

செய்யத்தக்கன

நம் இல்லத்தில் செய்ததைக் கூறி முடிக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு நூறு ரூபாய்த் தாள்களையும் மூன்று ஒரு ரூபாய்க் காசுகளையும் மகளிடம் கொடுத்து, அதிலிருந்து 248 ரூபாய் தருமாறு கேட்டோம். அவள் ஒரு நூறைத் தாயாரிடம் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றினாள். அவற்றுள் ஒன்றைக் காசுகளாக மாற்றினாள். இப்போது எத்தனை பத்து இருக்கிறது என்று கேட்டபோது, எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒன்பது. ஒரு பத்தைத்தான் காசா மாத்திட்டேனே!" என்றாள். பின்னர்த் தன் ஏட்டை எடுத்துவந்து, பழைய கணக்கில் தானே பத்தை அடித்து ஒன்பது என்று எழுதினாள். மாசிமாவின் 'கையில் ஒன்று' எதனால் சரியாகிறது என்பதை வயது வேறுபாட்டைக் கொண்டு விளக்கினோம். இப்போது அவள் ஆசிரியையின் முறையில் எழுதுகிறாள். மாசிமாவின் முறையில் சரிபார்க்கிறாள். கடையில் பாட்டியின் முறையில் சில்லறை எண்ணுகிறாள். கணக்கு வராது என்னும் சொல் முற்றிலும் மறைந்துவிட்டதென்று கூற முடியாது; குறைந்திருக்கிறது.

எம்முறையைக் கற்பிப்பது என்று நம்மைக் கேட்பவர்களுக்கு நாம் கூறுவது இதுதான். பள்ளியில் எம்முறையோ, ஏட்டில் அம்முறையே இருக்கட்டும். நாற்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியைக்கு அது தேவை. ஆனால் அதன் காரணத்தைத் தாளும் காசும் கொண்டு வீட்டில் காட்டிவிடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். இரண்டாவது முறை ஒன்றையும் பிள்ளை அறிந்திருக்கட்டும். ஒன்றை மற்றொன்று சரிபார்க்கும். மனக்கணக்கு மட்டும் தமிழிலேயே நடக்கட்டும். ஊர் மாறலாம், பள்ளி மாறலாம், பாடமொழி மாறலாம்; நாற்பத்திரண்டு என்னும் சொல்லுக்குள் நான்கு பத்தும் இரண்டும் எந்த ஊரிலும் அப்படியே இருக்கும்.

கணக்கேட்டில் சிவப்புக் கோட்டைக் காணும்போது முதலில் விடையைப் பாருங்கள். பின்பு படியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு பிள்ளையிடம், நீ எப்படிச் செய்தாய் என்று தமிழில் கேளுங்கள். விடை சரியாக இருக்கும் நாள்களிலும் கேளுங்கள். அந்நாள்களில் ஆசிரியரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. சரி என்னும் குறிக்குக் கீழே பிள்ளை எதை மறைத்து வைத்திருக்கிறது என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.